பழைய வீட்டில் வைஃபை: எந்த அறிகுறிக்கு எங்கே கை வைப்பது

பழைய வீட்டில் வைஃபை எட்டவில்லை என்று என்னைக் கூப்பிடுபவர்கள் பெரும்பாலும் புது ரவுட்டரோ, சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் எக்ஸ்டெண்டரோ ஒன்றை வாங்கி மாட்டிப் பார்த்து, அதிலும் தீராத பிறகுதான் கூப்பிடுகிறார்கள். வாங்கிய சாமானில் குறை இருக்காது. கோளாறு ஓரிடம், காசு போனது வேறிடம்.

கனத்த செங்கல் சுவர், கருங்கல் சுவர், பூச்சுக்குள் கம்பி வலை வைத்த சுவர், கம்பி கட்டிய கான்கிரீட் தளம் இருக்கும் வீட்டில், "ரேஞ்ச் அதிகம்" என்று அட்டையில் போட்ட ரவுட்டரால் பெரிய பயன் இல்லை. ரவுட்டர் அனுப்புவது போனுக்கு எட்டினால் மட்டும் போதாது. போன் அனுப்புவதும் ரவுட்டருக்குத் திரும்ப எட்ட வேண்டும். போனின் பவர் சின்னது, அதை நாம் கூட்ட முடியாது. அதனால் சுவரை எதிர்த்துச் சிக்னலைத் தள்ளப் பார்ப்பதைவிட, சுவருக்கு அந்தப் பக்கம் கேபிள் கம்பியைக் கொண்டுபோகப் பார்ப்பதே மேல். ஆனால் அதற்கு முன்னால் காசில்லாமல் செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன. பல வீடுகளில் அதிலேயே வேலை முடிந்துவிடும்.

உங்கள் வீட்டில் தெரியும் அறிகுறியின் தலைப்புக்கு நேராகப் போகலாம். அடுத்து வரும் சோதனையை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

## எதற்கும் முன்: கோளாறு வெளியிலிருந்து வரும் இணைய லைனிலா, வைஃபையிலா?

லேப்டாப்பை லேன் கேபிளால் ரவுட்டரோடு நேராக இணையுங்கள். லேப்டாப்பின் வைஃபையை அணைத்துவிடுங்கள் (இதை மறந்துவிட்டு வைஃபையையே சோதித்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு). மற்ற எல்லாச் சாதனங்களும் சும்மா இருக்கும்போது வேகத்தைச் சோதியுங்கள். லேன் போர்ட் உள்ள லேப்டாப் இல்லையா? போனை ரவுட்டரிலிருந்து இரண்டு மீட்டர் தூரத்தில், நடுவில் எதுவும் இல்லாமல் வைத்து, 5 ஜிகாஹெர்ட்ஸில் (வைஃபையின் வழக்கமான இரண்டு அலைவரிசைகளில் வேகமானது; மற்றது 2.4) இணைத்துச் சோதித்தாலும் ஓரளவு தெரிந்துவிடும்.

கேபிளிலேயே வேகம் குறைவு என்றால் வைஃபையில் கை வைக்க வேண்டாம். "கேபிளிலேயே மெதுவாக இருக்கிறது" என்ற தலைப்புக்குப் போங்கள்.

கேபிளில் சரியாக இருக்கிறது என்றால் கோளாறு வீட்டுக்குள்தான். அடுத்து சிக்னலை எண்ணாக அளந்துகொள்ள வேண்டும். போனின் மூலையில் தெரியும் கோடுகளை நம்பி முடிவெடுக்க முடியாது. ஒவ்வொரு போனும் அதை ஒவ்வொரு விதமாகக் காட்டும். ஆண்ட்ராய்டில் வைஃபை அனலைசர் வகைச் செயலி ஏதாவது ஒன்று போதும். ஐபோனில் ஆப்பிளின் ஏர்போர்ட் யூட்டிலிட்டி செயலியைப் போட்டு, செட்டிங்ஸில் அதற்கான பக்கத்தில் வைஃபை ஸ்கேனரை ஆன் செய்தால் எண் தெரியும். மேக் கணினியில் ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு வைஃபை சின்னத்தைச் சொடுக்கினாலே போதும்.

எண் டிபிஎம் என்ற அளவில், கழித்தல் குறியோடு வரும். பூஜ்ஜியத்துக்கு எவ்வளவு கிட்டே இருக்கிறதோ அவ்வளவு நல்லது. −50 என்றால் பிரமாதம். −60 நன்றாகவே ஓடும். −67 வரை வீடியோ கால் தாங்கும். −70ஐத் தாண்டினால் திக்கத் தொடங்கும். −80இல் வைஃபையின் பெயர் தெரியும், வேலை நடக்காது. எண் 3 குறைந்தால் சிக்னல் பாதி, 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்கு, 20 குறைந்தால் நூறில் ஒரு பங்கு. இது மட்டும் நினைவிருந்தால் போதும்.

ஒரு தாளில் வீட்டின் அறைகளைக் கோடாகப் போட்டு, ஒவ்வொரு அறையிலும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 2.4 ஜிகாஹெர்ட்ஸுக்கு ஒன்று, 5க்கு ஒன்று. ஒவ்வொரு இடத்திலும் அரை நிமிடம் நின்று, எண் நிலையாக வந்த பிறகு எழுதுங்கள். கதவைத் திறந்து ஒரு முறை, மூடி ஒரு முறை பாருங்கள். கதவை மூடியதும் எண் சட்டென்று விழுந்தால், அந்த அறைக்குச் சிக்னல் சுவர் வழியாக வரவில்லை, வாசல் வழியாகத்தான் வருகிறது என்று பொருள். கனத்த சுவர் வீடுகளில் இது சகஜம். ரவுட்டரை எங்கே வைப்பது என்ற கேள்விக்குப் பாதி பதில் இதிலேயே வந்துவிடும்.

## ஒரு குறிப்பிட்ட அறையில் மட்டும் சிக்னல் இல்லை

ரவுட்டர் இருக்கும் இடம். லைன் வீட்டுக்குள் நுழையும் மூலையிலேயே ரவுட்டரையும் வைத்துவிடுவது வழக்கமாகிவிட்டது. பொருத்த வந்தவருக்கு அது வசதி, உங்களுக்கு இல்லை. அலமாரிக்குள், டிவிக்குப் பின்னால், தரையோடு தரையாக இருந்தால் முதலில் அதை வெளியே எடுங்கள். தரையிலிருந்து ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் உயரம், திறந்த இடம், முடிந்தவரை வீட்டின் நடு. இதைவிட முக்கியம், வாசல்களுக்கு நேர்கோட்டில் இருப்பது. ஒன்றுக்குப் பின் ஒன்றாக இரண்டு மூன்று வாசல்கள் தெரியும்படி ஓரிடம் உங்கள் வீட்டில் இருந்தால், அதுதான் ரவுட்டருக்கான இடம். வீட்டின் நடுவாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

லைன் வரும் இடத்தை மாற்ற முடியாதே என்றால், மாற்ற வேண்டியதில்லை. ஃபைபர் வந்து சேரும் பெட்டியும் ரவுட்டரும் தனித்தனியாக இருந்தால், பெட்டி மூலையிலேயே இருக்கட்டும்; நடுவில் இருக்கும் லேன் கேபிளை மட்டும் நீளமானதாக மாற்றி ரவுட்டரை நகர்த்துங்கள். இரண்டும் ஒரே பெட்டியாக இருந்தால், அதில் வைஃபையை அணைத்துவிட்டு, நீளக் கேபிளின் மறுமுனையில் இன்னொரு ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் மோடில் (கேபிளில் வருவதை வைஃபையாக்கித் தரும் வேலை மட்டும்) வைக்கலாம். ஃபைபர் கம்பியை மட்டும் நீங்களே இழுத்து மடக்காதீர்கள். கூர்மையாக மடங்கினால் சிக்னல் போய்விடும், உடைந்தால் கருவி உள்ளவர் வந்துதான் ஒட்ட வேண்டும்.

குறுக்கே நிற்கும் இரும்பும் தண்ணீரும். ரவுட்டருக்கும் அந்த அறைக்கும் நடுவே நேராகக் கோடு போட்டுப் பாருங்கள். அந்தக் கோட்டில் இரும்பு பீரோ, ஃபிரிட்ஜ், ஆள் உயரக் கண்ணாடி, மீன் தொட்டி, தண்ணீர்த் தொட்டி, இரும்புக் கதவு இவற்றில் ஏதாவது நிற்கிறதா? முகம் பார்க்கும் கண்ணாடியின் பின்னால் இருப்பது உலோகப் பூச்சு, அதுவும் மறைக்கும். பீரோவை நகர்த்த வேண்டாம், ரவுட்டரை ஒரு மீட்டர் இந்தப் பக்கம் தள்ளிப் பாருங்கள். ஈரம் கோத்த சுவரும் காய்ந்த சுவரைவிட அதிகமாக விழுங்கும். மழை நாட்களில் மட்டும் ஓர் அறை மோசமாகிறது என்றால் இதையும் சந்தேகப்படலாம்.

எந்த அலைவரிசை? 5 ஜிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டும்போது சீக்கிரம் தேய்ந்துவிடும். 6 ஜிகாஹெர்ட்ஸ் இன்னும் மோசம். பழைய வீட்டில் அது ரவுட்டர் இருக்கும் அறைக்கான சமாச்சாரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கடைசி அறைக்கு 2.4தான் போய்ச் சேரும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால், சோதிக்கும் நேரத்தில் மட்டும் தனித்தனிப் பெயர் கொடுத்து, அந்த அறையில் எது ஓடுகிறது என்று பாருங்கள். 2.4இல் நிம்மதியாக ஓடுகிறது, உங்கள் தேவைக்குப் போதும் என்றால் வேலை முடிந்தது. எதையும் வாங்க வேண்டாம்.

சுவரே காரணமா? சுவரின் இந்தப் பக்கம் ஓர் அளவு, நேர் பின்னால் அந்தப் பக்கம் ஓர் அளவு, கதவு மூடியிருக்க. 5 முதல் 8 வரை வித்தியாசம் என்றால் சாதாரணச் சுவர். ரவுட்டரை நகர்த்தியே சமாளிக்கலாம். 15, 20 என்று விழுந்தால் அந்தச் சுவரோடு போராடிப் பயனில்லை. அதிலும் பூச்சுக்குள் உலோக வலை இருந்தால் கிட்டத்தட்ட இரும்புப் பெட்டிக்குள் இருக்கும் கதைதான். வலை இருக்கிறதா என்று அறிய, வலுவான காந்தம் ஒன்றை நூலில் கட்டிச் சுவரோரமாக மெல்ல நகர்த்துங்கள். ஓர் ஆணி மட்டும் இருந்தால் ஓரிடத்தில் இழுக்கும். வலை என்றால் பல இடங்களில் சீராக இழுக்கும். அப்படி இழுத்தால் நேராக "கம்பியை அந்தப் பக்கம் கொண்டுபோவது" என்ற தலைப்புக்குப் போய்விடுங்கள்.

## மாடியில் மட்டும் மோசம்

வெளியே ஆன்டெனா உள்ள ரவுட்டரில், எல்லா ஆன்டெனாவையும் செங்குத்தாக நிறுத்தியிருந்தால் சிக்னல் பக்கவாட்டில்தான் அதிகம் பரவும், மேலே குறைவு. ஒன்றை மட்டும் படுக்கைவசமாகச் சாய்த்துவிட்டு மாடியில் அளந்து பாருங்கள். கூடினால் அப்படியே விடுங்கள்.

அப்புறம் மாடிப்படி. கான்கிரீட் தளத்தைத் துளைத்துப் போவதைவிடப் படிக்கட்டுத் திறப்பு வழியாகப் போவது சிக்னலுக்கு எளிது. ரவுட்டரைப் படியடிக்குப் பக்கமாக நகர்த்தியதில் மாடியின் பாதி சரியாகிவிட்ட வீடுகள் உண்டு. மரத் தளம் என்றால் பெரும்பாலும் இந்தத் தொல்லையே இருக்காது. இரண்டும் உதவவில்லை என்றால் மாடிக்குத் தனி ஆக்சஸ் பாயின்ட். வேறு வழி தேடி நேரத்தைக் கழிக்க வேண்டாம்.

## சிக்னல் முழுசாகக் காட்டுகிறது, ஆனால் எதுவும் ஓடவில்லை

அதிகம் பேரைக் குழப்புவது இதுதான். நாலைந்து காரணங்கள் இருப்பதால் வரிசையாகப் போக வேண்டும்.

எக்ஸ்டெண்டர் இருக்கிறதா? இருந்தால் உங்கள் போன் காட்டுவது எக்ஸ்டெண்டரின் சிக்னலை. எக்ஸ்டெண்டருக்கு ரவுட்டரிலிருந்து என்ன வருகிறது என்பது அதில் தெரியாது. சிக்னல் இல்லாத அறையிலேயே எக்ஸ்டெண்டரைச் செருகுவதுதான் எல்லோரும் செய்வது. அரைகுறையாகக் காதில் விழுந்ததை உரக்கத் திருப்பிச் சொல்லும் ஆள்போல அது ஆகிவிடும்: சத்தம் இருக்கும், விஷயம் இருக்காது. எக்ஸ்டெண்டரைப் பிடுங்கிவிட்டு, அது இருந்த இடத்தில் ரவுட்டரின் சிக்னலை அளந்து பாருங்கள். −65க்கு மோசமாக இருந்தால் ரவுட்டரை நோக்கி நகர்த்துங்கள். −60 பக்கத்தில் கிடைக்கும் இடம்தான் அதற்குச் சரியான இடம். அந்த இடம் சுவருக்கு இந்தப் பக்கமாகத்தான் இருக்கும்.

இன்னொன்று. வாங்குவதையும் அனுப்புவதையும் ஒரே சேனலில் (அலைவரிசைக்குள் ஒரு தடம்) செய்யும் எக்ஸ்டெண்டர், எங்கே வைத்தாலும் வேகத்தைப் பாதியாக்கும். அது பழுதல்ல, அதன் சுபாவம். அதற்கு ஒரு லேன் கேபிளைக் கொண்டுபோய்ச் செருக முடிந்து, அதில் ஆக்சஸ் பாயின்ட் மோடும் இருந்தால், அதே பெட்டி நல்ல பெட்டியாகிவிடும்.

பக்கத்து வைஃபைகள். அனலைசர் செயலியில் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பக்கத்தைத் திறந்து யார் யார் எந்தச் சேனலில் இருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒன்றின் மேல் ஒன்று ஏறாத சேனல்கள் 1, 6, 11 மட்டும். மூன்றில் கூட்டம் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள். 3, 4, 8 என்று நடுவில் போய் உட்காராதீர்கள். இரண்டு பக்கத் தொல்லையும் வரும். சேனல் அகலம் 2.4இல் 20 மெகாஹெர்ட்ஸ் இருக்கட்டும். 40 வைத்தால் காகிதத்தில் வேகம் கூடும், நெருக்கமான இடத்தில் உண்மையில் குறையும். 5 ஜிகாஹெர்ட்ஸில் 80 வைக்கலாம். சிக்னல் பலவீனமான வீட்டில் 40 நிலையாக இருக்கும்.

இணைப்பு வேகம் 54இலேயே நிற்கிறதா? லேப்டாப்பின் வைஃபை விவரத்தில் இணைப்பு வேகம் 54 எம்பிபிஎஸ் என்று நின்றால், ரவுட்டரின் பாதுகாப்பு செட்டிங்கைப் பாருங்கள். டிகேஐபி என்ற பழைய பாதுகாப்பு முறை இருந்தால் புது வேகங்கள் வேலை செய்யாது. டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்று மாற்றுங்கள். என்றோ வாங்கிய ரவுட்டரின் செட்டிங்கைப் புதுசுக்கும் அப்படியே பார்த்து எழுதிய வீடுகளில் இது வரும்.

ரவுட்டரோடு ஒட்டி ஏதாவது இருக்கிறதா? யூஎஸ்பி 3 ஹார்டு டிஸ்கும் அதன் கேபிளும் 2.4 ஜிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளப்பும். ரவுட்டருக்கு மேலேயே ஹார்டு டிஸ்கை வைத்திருந்தால் கழற்றிவிட்டு ஒரு முறை சோதியுங்கள்.

யாராவது எதையாவது இணையத்தில் ஏற்றும்போது மட்டும் திக்குகிறதா? போன் ஒன்று படங்களை பேக்கப் செய்கிறது, அதே நேரம் இன்னொருவரின் வீடியோ கால் உறைகிறது. இது சுவர்க் கோளாறு அல்ல, அப்லோடு வழி நிரம்பிவிட்டது. ரவுட்டரில் கியூஓஎஸ் (எதற்கு முன்னுரிமை என்று பங்கிடும் செட்டிங்) இருந்தால் அப்லோடு வேகத்தை உங்கள் உண்மையான வேகத்தில் 85 முதல் 90 சதவீதத்துக்குள் கட்டிப்போடுங்கள். இல்லாவிட்டால் பேக்கப்பை இரவுக்கு மாற்றினால் ஆயிற்று.

இன்னும் சந்தேகமா? போனில் பிங் செயலி (ஒரு முகவரிக்குச் செய்தி போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டுவது) ஒன்றைப் போட்டு, முதலில் ரவுட்டரின் ஐபி முகவரிக்கு ஒரு நிமிடம், அடுத்து வெளியே உள்ள கூகுள் சர்வரின் முகவரியான 8.8.8.8க்கு ஒரு நிமிடம் ஓட்டுங்கள். ரவுட்டருக்கான நேரம் நிலையாக ஒற்றை இலக்க மில்லி செகண்டிலோ சற்று மேலேயோ இருந்து, வெளியே போவது மட்டும் தாவிக் குதித்தால் லைனைப் பாருங்கள். ரவுட்டருக்கே தாவிக் குதித்தால் வைஃபை.

## அடிக்கடி அறுந்து, மறுபடி தானாக வருகிறது

அறுந்த உடனே எழுந்து போய் ரவுட்டரின் விளக்குகளைப் பாருங்கள். அது எந்தக் கிளை என்று சொல்லிவிடும்.

எல்லா விளக்கும் அணைந்து வரிசையாக எரிகிறது. ரவுட்டரே ரீஸ்டார்ட் ஆகிறது. தளர்ந்த பிளக், களைத்துப்போன அடாப்டர், சூடு. இந்த வரிசையில் பாருங்கள். அடாப்டரை மாற்றுவதானால் வோல்ட் அதே எண்ணாக இருக்க வேண்டும், ஆம்பியர் அதே அளவோ அதற்கு மேலோ இருக்கலாம், பின்னின் அளவும் பிளஸ் மைனஸ் திசையும் ஒத்துப்போக வேண்டும். ரவுட்டரின் அடியில் உள்ள சீட்டில் எல்லாம் எழுதியிருக்கும். மூடிய அலமாரியில் வைத்துத் தொட முடியாத சூட்டில் இருந்தால் வெளியே எடுத்தாலே பாதி தீரும்.

எல்ஓஎஸ் என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிகிறது. ஃபைபரில் ஒளி வரவில்லை. கம்பி எங்காவது நசுங்கியிருக்கிறதா, கதவிடுக்கில் மாட்டியிருக்கிறதா என்று கண்ணால் பார்க்கலாம். அதற்கு மேல் சேவை நிறுவனத்தின் வேலை. கழற்றிய ஃபைபர் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்காதீர்கள். உள்ளே வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர்.

விளக்குகளில் மாற்றமே இல்லை, 5 ஜிகாஹெர்ட்ஸ் பெயர் மட்டும் மறைகிறது. 5 ஜிகாஹெர்ட்ஸில் 52 முதல் 144 வரையிலான சேனல்களை ரேடார்களும் பயன்படுத்துகின்றன. ரேடார் போல எதையாவது கேட்டால் ரவுட்டர் அந்தச் சேனலை விட்டு ஓட வேண்டும் என்பது விதி. புதுச் சேனலில் பேசத் தொடங்கும் முன் குறைந்தது ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்க வேண்டியும் வரலாம். சேனலை ஆட்டோவில் விடாமல் 36, 40, 44, 48 இவற்றில் ஒன்றாக நிறுத்திவிட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

சமையலறைப் பக்கம் மட்டும், சில நேரங்களில் மட்டும். மைக்ரோவேவ் அடுப்பு 2.45 ஜிகாஹெர்ட்ஸில்தான் வேலை செய்கிறது. அது ஓடும்போது 2.4 வைஃபை தள்ளாடினால், பக்கத்தில் இருக்கும் சாதனங்களை 5க்கு மாற்றுங்கள், அல்லது ரவுட்டரை அதனிடமிருந்து தள்ளி வையுங்கள்.

ஒரே ஒரு சாதனத்தில் மட்டும். ரவுட்டரைத் தொட வேண்டாம். அந்தச் சாதனத்தில் வைஃபை பெயரை மறக்கச் செய்து மறுபடி பாஸ்வேர்டு கொடுங்கள். லேப்டாப் என்றால் வைஃபை டிரைவரைப் புதுப்பியுங்கள், பவர் சேமிப்பில் வைஃபையை அணைக்கும் செட்டிங்கை எடுத்துவிடுங்கள்.

## வீட்டுக்குள் நடந்தால் அறுகிறது. தூரத்து ரவுட்டரையே பிடித்துக்கொண்டிருக்கிறது

ரவுட்டரோ ஆக்சஸ் பாயின்டோ இரண்டு வந்த பிறகு தோன்றும் வியாதி இது. எதனோடு இணைவது என்று முடிவு செய்வது போன்தான், ரவுட்டர் அல்ல. பழைய சிக்னல் உயிரோடு இருக்கும்வரை சில போன்கள் விட்டு வராது.

முதலில் இரண்டிலும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு, ஒரே பாதுகாப்பு வகை இருக்கிறதா பாருங்கள். சேனல் மட்டும் வேறு வேறாக இருக்க வேண்டும். அடுத்து, 2.4 ஜிகாஹெர்ட்ஸின் டிரான்ஸ்மிட் பவரைக் குறையுங்கள். பவரைக் குறைத்தால் வைஃபை மேம்படுமா என்று பலர் நம்புவதில்லை; செய்து பார்த்தால் தெரியும். இரண்டு பெட்டிகளும் ஒன்றின் எல்லைக்குள் ஒன்று அதிகம் நுழையாமல் இருந்தால் போன் சீக்கிரம் மாறிக்கொள்ளும்.

வைஃபை ஓடுகிறது, ஆனால் மாடியிலிருந்து கீழே உள்ள பிரிண்டர் தெரியவில்லை, டிவிக்கு வீடியோவை அனுப்ப முடியவில்லை என்றால், இரண்டாவது ரவுட்டர் ஆக்சஸ் பாயின்டாக இல்லாமல் தனி ரவுட்டராகவே ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரே வீட்டில் இரண்டு தனி நெட்வொர்க். அதன் செட்டிங்கில் ஆக்சஸ் பாயின்ட் மோடு இருந்தால் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் அதில் டிஎச்சிபியை (சாதனங்களுக்கு ஐபி முகவரி கொடுக்கும் வேலை) அணைத்து, முதல் ரவுட்டரின் வரிசையிலேயே யாரும் பயன்படுத்தாத ஐபி முகவரி ஒன்றைக் கொடுத்து, கேபிளை வான் (இணைய லைனுக்கான) போர்ட்டில் செருகாமல் லேன் போர்ட்டில் செருகுங்கள்.

## கேபிளிலேயே மெதுவாக இருக்கிறது

90 முதல் 95 எம்பிபிஎஸுக்குள் நிற்கிறது, எடுத்த பிளான் அதைவிடப் பெரியது. எங்கோ ஓரிடத்தில் இணைப்பு 100இல் மாட்டிக்கொண்டிருக்கிறது. லேன் கேபிளில் நான்கு ஜோடிக் கம்பிகள். ஜிகாபிட் வேகத்துக்கு நான்கும் வேண்டும். ஒன்று அறுந்தால்கூட பெரும்பாலும் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். கேபிளை மாற்றிப் பாருங்கள். மாறவில்லை என்றால் ரவுட்டரின் போர்ட்டே 100தானா என்று அதன் விவரத்தில் பாருங்கள். விலை குறைந்த ரவுட்டர்களில் இது சாதாரணம். அப்படியென்றால் ரவுட்டரை மாற்றுவதற்கு இதுதான் நியாயமான காரணம்.

எப்போதும் மெதுவாக இருக்கிறது, லைன் தொலைபேசிக் கம்பி வழியாக வருகிறது. பழைய வீட்டில் தொலைபேசி இணைப்பு அறைக்கு அறை கிளை பிரிந்து போயிருக்கும். மோடத்தை வெளியிலிருந்து வரும் முதல் இணைப்புப் பெட்டியில் நேராகச் செருகி, மற்றதையெல்லாம் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். கூடினால் வீட்டுக்குள் ஓடும் கிளைக் கம்பிதான் குற்றவாளி. போன் செருகிய இடத்திலெல்லாம், போன் பேச்சையும் இணையத்தையும் பிரிக்கும் ஃபில்டர் இருக்க வேண்டும்.

சாயங்காலம் மட்டும் மெதுவாக இருக்கிறது. உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. காலையிலும் மாலையிலும் கேபிளில் சோதித்து எழுதி வைத்துக்கொண்டு நிறுவனத்தைக் கூப்பிடுங்கள்.

## சாதனம் சேரவே மறுக்கிறது

ஸ்மார்ட் பல்பு, பழைய பிரிண்டர், பழைய டேப்லெட் போன்றவை பல 2.4 ஜிகாஹெர்ட்ஸ் மட்டுமே அறிந்தவை. டபிள்யூபிஏ3 என்ற புதிய பாதுகாப்பு முறை அவற்றுக்குப் புரியாது. சேர்க்கும் நேரத்துக்கு 5ஐ அணைத்து, பாதுகாப்பை டபிள்யூபிஏ2 அல்லது இரண்டும் கலந்த மோடில் வையுங்கள். சாதனத்தின் ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால் அதற்கு ரவுட்டரிடமிருந்து முகவரியே கிடைக்கவில்லை. ரவுட்டரை ரீஸ்டார்ட் செய்யுங்கள், வீட்டில் டிஎச்சிபி கொடுப்பது ஒன்றே ஒன்றுதானா என்றும் பாருங்கள்.

## கம்பியை அந்தப் பக்கம் கொண்டுபோவது

மேலே சொன்னதெல்லாம் செய்தும் அந்த அறை −70க்குக் கீழேயே நிற்கிறது என்றால் செலவு செய்யும் கட்டம் வந்துவிட்டது. எனக்குப் பிடித்த வரிசையில் சொல்கிறேன்.

லேன் கேபிளும் ஆக்சஸ் பாயின்டும் முதலிடம். கேட் 5இ கேபிளே 100 மீட்டர் வரை ஜிகாபிட் தரும். புதிதாக இழுப்பதானால் கேட் 6 போடுங்கள், சுவரை இரண்டு முறை துளைக்க யாருக்கும் ஆசை இருக்காது. வாங்கும்போது முழுச் செம்புக் கம்பியா என்று கேளுங்கள். அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு போட்டது மலிவாகக் கிடைக்கும். மடக்கினால் சீக்கிரம் உடையும், கேபிள் வழியே மின்சாரம் வாங்கும் ஆக்சஸ் பாயின்டுக்கு ஒத்துவராது. கேபிள் போகும் வழிக்குச் சுவரைக் குடைய வேண்டும் என்பதில்லை. கதவு நிலையின் ஓரம், தரையோரப் பட்டி, காலியாகக் கிடக்கும் பழைய தொலைபேசிக் குழாய், வெளிச் சுவர் என்று பாருங்கள். வெளிச் சுவரில் போனால் வெயில் தாங்கும் வெளிப்புறக் கேபிளாக இருக்க வேண்டும். கரண்ட் ஒயர் போகும் குழாய்க்குள் மட்டும் லேன் கேபிளை விடவே கூடாது.

டிவிக்காகப் போட்ட கோஆக்சியல் கேபிள் இரண்டு அறைக்கும் ஓடி, இப்போது சும்மா கிடந்தால் அதிர்ஷ்டம்தான். டிவி கேபிள் வழியே நெட்டை அனுப்பும் மோகா அடாப்டர் ஒரு ஜோடி போட்டால் லேன் கேபிளுக்கு நிகராக ஓடும். அதே கேபிளில் சாட்டிலைட் டிவி ஓடிக்கொண்டிருந்தால் இரண்டும் மோதும், அப்போது இது வேண்டாம்.

மெஷ் (ஒன்றோடொன்று பேசி ஒரே வைஃபையாக ஓடும் பல பெட்டிகள்) மூன்றாவது. கேபிள் இல்லாத மெஷ்ஷும் சுவரைத் தாண்டித்தான் பேச வேண்டும் என்பதை விளம்பரம் சொல்லாது. வாசல்கள் வழியாக ஒரு பெட்டிக்கு இன்னொன்று தெரியும்படி வைக்க முடிந்தால் நன்றாக ஓடும். தங்களுக்குள் பேச மூன்றாவது அலைவரிசை தனியாக உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஒவ்வொன்றுக்கும் லேன் கேபிள் செருக முடிந்தால் இன்னும் நல்லது.

கரண்ட் ஒயர் வழியாகப் போகும் பவர்லைன் அடாப்டர் கடைசி. பழைய வயரிங்கில் அது எவ்வளவு வேகம் தரும் என்பது மாட்டிப் பார்த்தால்தான் தெரியும். திருப்பிக் கொடுக்க முடிகிற இடத்தில் மட்டும் வாங்குங்கள். இரண்டையும் சுவர் பிளக்கில் நேராகச் செருகுங்கள், எக்ஸ்டென்ஷன் போர்டும் சர்ஜ் புரொடெக்டரும் சிக்னலைத் தின்றுவிடும். இரண்டு பிளக்கும் வெவ்வேறு ஃபேஸில் இருந்தால் வேகம் பாதாளத்துக்குப் போகலாம்.

## எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்

பிளக் சுடுகிறது, கருகிய வாசனை, செருகும்போது பொறி என்றால் வைஃபையை மறந்துவிட்டு முதலில் எலக்ட்ரீஷியன். கரண்ட் குழாயைத் திறக்க வேண்டிய எந்த வேலையும் அவருடையதே.

சுவரைத் துளைக்கும் முன் உள்ளே கரண்ட் ஒயரோ தண்ணீர்க் குழாயோ போகிறதா என்பது தெரிய வேண்டும். கருங்கல் சுவர், எடை தாங்கும் சுவர், தளம் இவற்றைத் துளைக்கக் கொத்தனாரையோ கேபிள் வேலை செய்பவரையோ கூப்பிடுங்கள். பழைய கூரை ஷீட்டு, குழாய் மேல் சுற்றிய காப்பு, சில வகைப் பழைய தரை ஓடு ஆகியவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். சந்தேகம் இருந்தால் துளைக்கவோ உடைக்கவோ கூடாது; அதைச் சோதிக்கத் தனியாக ஆட்கள் இருக்கிறார்கள்.

தோட்டத்து அறை, தனிக் கட்டிடம் இவற்றுக்கு இணைப்புக் கொடுப்பதானால் செம்புக் கேபிள் வேண்டாம். மின்னலும், இரண்டு கட்டிடங்களின் எர்த்துக்கும் நடுவே உள்ள வித்தியாசமும் இரண்டு முனையிலும் உள்ள சாதனங்களைப் பொசுக்கிவிடலாம். ஃபைபர் போடச் சொல்லுங்கள், அல்லது இரண்டு கட்டிடத்துக்கும் நடுவே நேருக்கு நேர் பார்க்கும் வயர்லெஸ் பிரிட்ஜ்.

சேவை நிறுவனத்தைக் கூப்பிடும்போது "நெட் ஸ்லோ" என்று தொடங்கினால் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்வார்கள், அதோடு முடிந்துவிடும். கேபிளில் சோதித்த வேகம், சோதித்த நேரம், அறுந்தபோது எந்த விளக்கு என்ன நிறத்தில் இருந்தது, 8.8.8.8க்குப் பிங் என்ன காட்டியது என்ற நான்கையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆள் வந்ததும் முதலில் அவருடைய கருவியை வைத்துக் கேபிளிலேயே அளந்து காட்டச் சொல்லுங்கள். அதில் சரியாக வந்தால் அவரை விட்டுவிட்டு, அறைகளை வரைந்த தாளை மறுபடி எடுங்கள்.